வடக்கே சூலம்

பாப்போம் என்றுதான் நயினார் சொன்னார். வருகிறேன் என்றும் இல்லை, வரவில்லை என்றும் இல்லை. வாய் நிறையப் பற்பசை நுரையோடு, கண்ணாடியைப் பார்த்தபடி, பாப்போம். கட்டிய புருஷன் சொல்கிற பாப்போமுக்கும் வாடகைக்கு வீடு கேட்டு வந்தவன் சொல்லிவிட்டுப் போகிற பாப்போமுக்கும் என்ன வித்தியாசம் என்று செண்பகவல்லி காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாள். ரோட்டோரத்துச் சின்னப் பாலத்தின் திண்டில், குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மழை விட்டிருந்தது, மரங்கள் இன்னும் விடவில்லை, ஒவ்வொரு காற்றுக்கும் அவை தம் பங்குக்குக் கொஞ்சம் பெய்தன. ரோட்டுக்கு இந்தப் பக்கம் காடு, தேயிலைக்கு நடுவில் வெட்டாமல் விட்டுப்போன ஒரு கையகலத் துண்டு. அந்தப் பக்கம் அதே மாதிரி இன்னொரு துண்டு, அதில் பலா பழுத்திருந்தது, அதன் வாசனை ரோட்டைத் தாண்டி வந்து மூக்கில் உட்கார்ந்துகொண்டது. இந்தப் பக்கத்து மரங்களில் சோலைமந்திகள் இருந்தன. கறுத்த உடம்பும் முகத்தைச் சுற்றி நரைத்த பிடரியுமாக ஒரு முழுக் கூட்டம். பலா வாசனை எல்லாவற்றுக்கும் தெரியும். எல்லாவற்றுக்கும் பசி. ஆனாலும் ஒன்றும் நகரவில்லை. கிளைக்குக் கிளை பாப்போம், பாப்போம் என்று உட்கார்ந்திருந்தன.

செண்பகத்துக்கு அதைப் பார்ப்பதுதான் வேலை. குரங்கு பார்க்கிற அம்மா என்று பஜாரில் சொல்வார்கள், அவளுக்கும் அதில் வருத்தம் கிடையாது. கூட்டமாக வாழ்கிற ஒன்று இருக்கிற இடத்தை விட்டுக் கிளம்பும்போது முதலில் எழுந்திருப்பது யார், பின்னால் போவது யார், ஏன் அதன் பின்னால் மட்டும் போகிறார்கள், இன்னொன்றின் பின்னால் ஏன் போவதில்லை. கேட்டால் ஒரு வாரத்து வேலை மாதிரி இருக்கும். இலக்கியாவை வயிற்றில் சுமந்துகொண்டு இதே திண்டில் வந்து உட்கார்ந்தாள், இலக்கியா இப்போது எட்டாம் வகுப்பு, விஷயம் இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. பிடிபடாததுதான் இதில் ருசி. பிடிபட்டுவிட்டால் மழையில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு யார் உட்காருவார்கள்? ஆனால் இன்றோடு சரி. இங்கே திட்டம் முடிந்துவிட்டது, கர்நாடகத்தில் சிர்சிப் பக்கத்துக் காட்டில் இதே குரங்குக்கு இதே வேலை, நாளை புதன்கிழமை விடிந்ததும் பஸ். அவள் போவது முடிவாகிவிட்டது. நயினாரும் இலக்கியாவும் பின்னாலேயே வந்து சேருவார்களா, அல்லது அவள் அங்கே ஒரு அறையில் ஒற்றைப் பாத்திரத்தில் கஞ்சி வைத்துக் குடித்துக்கொண்டு, இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் ஊருக்கு வந்துபோகிற விருந்தாளியாகி விடுவாளா என்பதுதான் முடிவாகவில்லை. அதற்குத்தான் அந்தப் பாப்போம்.

"மேடம், நாளைக்கி இந்நேரம் எங்க இருப்பீங்க?" என்று கேட்டான் அருளப்பன். குரங்கு கடக்கும்போது வண்டிகளை நிறுத்துவது அவன் வேலை. கழுத்தில் விசிலும் கையில் சிவப்புத் துணி கட்டிய கம்புமாக ரோட்டுக்கு நடுவில் நின்றிருந்தான்.

"ரயில்ல."

"வீட்ல எல்லாரும் வர்றாங்களா?"

"பாப்போம்" என்றாள் செண்பகம். சொல்லிவிட்டுத் தன் வாயையே ஆச்சரியமாகக் கேட்டாள். ஒட்டுவாரொட்டி மாதிரி அந்த வார்த்தை இவளுக்கும் தொற்றிவிட்டது.

அவள் இன்னும் புறப்படவில்லை, ஆனால் அவள் பை புறப்பட்டுவிட்டது. அதை நினைத்ததும் சிரிப்பு வந்தது. நயினாரின் அக்கா ஆவுடையம்மாள் மதினி செய்த ஏற்பாடு அது. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், அந்தத் திசையில் கால் எடுத்து வைக்கக் கூடாது, சிர்சி இருப்பதோ வடக்கே. டிக்கெட் எடுத்தாச்சு மதினி என்று இவள் சொன்னதற்கு, டிக்கெட் எடுக்கதுக்கு முன்னால காலண்டர எடுத்துப் பாத்திருக்கணும் என்றாள் மதினி. திங்கள் சனி கிழக்கு, செவ்வா பொதன் வடக்கு, வியாழன் தெற்கு, வெள்ளி ஞாயிறு மேற்கு என்று உப்புப் புளி சொல்கிற மாதிரி மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, அதற்கு மாற்றும் அவளே சொன்னாள். சூலம் இல்லாத திங்கட்கிழமையே நல்ல நேரம் பார்த்துப் பயணப் பையை மட்டும் கிளப்பி, அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பரஸ்தானம். பை புறப்பட்டால் ஆள் புறப்பட்ட மாதிரிதான், அப்புறம் சூலம் ஒன்றும் செய்யாது. ஒரே நிபந்தனை, வைத்த பையைத் திருப்பி வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. ஆகவே நேற்று இவள் பை பக்கத்து வீட்டு ஜெபமாலை அக்காவின் அலமாரிக்கு அடியில், மாதா படத்துக்கு நேர் கீழே போய் உட்கார்ந்துவிட்டது. ஒங்க சூலத்துக்கு எங்க மாதா காவலா என்று ஜெபமாலை அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளே இருக்கிற மாற்றுச் சேலைக்காக நேற்று ராத்திரி மதினியிடம் கெஞ்ச வேண்டியதாயிற்று. கிடைக்கவில்லை. நேற்றுக் கட்டியதையே கட்டிக்கொண்டு இன்றைக்கும் காட்டுக்கு வந்திருக்கிறாள்.

முந்திரி எழுந்தது. செண்பகம் நிமிர்ந்தாள். கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் அவள் பேர் வைத்திருந்தாள், இந்த இளம் பெண்குரங்குக்கு அந்தப் பேர் வந்ததற்கு அதன் நடத்தையே காரணம், எதற்கும் முன்னால் நிற்கிற முந்திரிக்கொட்டை. ரோட்டின் மேல் நீண்டிருந்த கிளையின் நுனிவரை போனது. அங்கே நின்று திரும்பிப் பார்த்தது. அந்தத் திரும்பிப் பார்த்தலைத்தான் செண்பகம் இத்தனை வருஷமாகக் கண் கொட்டாமல் பார்த்து வருகிறாள். பசிக்கிறவன் நேரே போகலாமே, எதற்குத் திரும்புகிறான்? பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்க்கத்தான். வருகிறார்கள் என்றால் போகலாம், வராவிட்டால் போன கால் அந்தரத்திலேயே நிற்கும். ஒன்றும் வரவில்லை. கூட்டத்தின் பெரிய ஆண், தொரை, எஸ்டேட் தொரை மாதிரியே மார்பை நிமிர்த்திக்கொண்டு நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தது, அது கூட முந்திரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வயிற்றைச் சொறிந்துகொண்டது. முந்திரி கொஞ்ச நேரம் கிளை நுனியில் இலையைக் கிள்ளிக்கொண்டு, நான் ஒன்றும் போவதற்காக இங்கே வரவில்லை, இலை நன்றாக இருந்தது, அதனால் வந்தேன் என்பது போல நடித்தது. பிறகு திரும்பி வந்துவிட்டது. செண்பகத்துக்குத் தன் முகம் சூடாவது தெரிந்தது. சிர்சி விஷயத்தை வீட்டில் முதலில் சொன்ன அன்று, யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ரசத்துல கொஞ்சம் உப்பு கம்மியோ என்று இவள் கேட்டாளே, அதுவும் இதே இலை கிள்ளல்தான்.

ஆரம்பத்தில் தொரைதான் கூட்டத்தை நடத்துகிறது என்று நினைத்திருந்தாள். நினைக்காமல் என்ன செய்வாள், எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள், பெரிய உடம்பு, பெரிய பல், ஊப் என்று அது போடுகிற சத்தம் அடுத்த மலைக்குக் கேட்கும். அதன் வாலைப் பார்த்துக்கொண்டே முதல் வருஷம் போயிற்று. ஒரு நாள் தொரை தன்பாட்டுக்குக் கிளம்பிப் போனது, ஒரு குஞ்சும் கூடப் போகவில்லை. அது கொஞ்ச தூரம் போய், தான் தனியாக நிற்பதைக் கண்டு, வந்த வழியே அவசரமாக ஓடிவந்தது. செண்பகம் மரத்தடியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்போதுதான் கேள்வி சரியான கேள்வியாயிற்று. பலம் இல்லை என்றால் பிறகு என்ன? வயசா, வழி தெரிந்த அனுபவமா? அவை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சரி. ஆனால் பல வருஷம் பார்த்தபின் தெரிந்தது வேறு. யார் யாரோடு பேன் பார்த்துக்கொள்கிறார்களோ, அவர்கள் பின்னால்தான் போகிறார்கள். அவ்வளவுதான். கூட்டம் நகர்வது காலால் என்று தோன்றும், ஆனால் அதற்கு முன்னாலேயே, மத்தியான வெயிலில் ஒன்று இன்னொன்றின் மயிரை விலக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறதே, அப்போதே அந்த நகர்வு ஆரம்பித்துவிடுகிறது. பேன் பார்த்தல் என்று நாம்தான் பேர் வைத்திருக்கிறோம். குரங்குத் தலையில் பேனே அநேகமாக இருப்பதில்லை. இருக்கட்டும், மனுஷத் தலையில் மட்டும் என்ன வாழ்ந்தது? இல்லாத பேனைத்தானே மதினி இலக்கியாவின் தலையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் தேடுகிறாள். பார். என்ன வார்த்தை இது? பேன் பார், பிள்ளையைப் பார், வழி பார், பெண் பார், திரும்பிப் பார், பாப்போம். கண்ணுக்கு இதில் பாதி வேலைகூட இல்லை. பேன் பார்க்கிறவள் விரலால் பார்க்கிறாள். பாப்போம் என்கிறவன் கண்ணை மூடிக்கொள்கிறான்.

கோயம்புத்தூர்ப் பக்கத்து வண்டி ஒன்று வளைவில் வந்து நின்று ஹாரன் அடித்தது. செண்பகம் வளைவைத் திரும்பிப் பார்த்தாள். போன வருஷம் இதே வளைவில்தான். ஒரு வருஷம்கூட ஆகாத குட்டி, கூட்டம் கடந்து முடிந்துவிட்டது என்று வண்டிக்காரன் நினைத்துவிட்டான், கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. அதன் தாய் ரோட்டோரம் உட்கார்ந்து, அந்தச் சின்ன உடம்பின் மயிரை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தது, மழை வரும்வரை. அன்றைக்கு அந்தக் கூட்டம் நகரவே இல்லை. பசி, மழை, ஒன்றும் அதை நகர்த்தவில்லை. செண்பகம் அன்று வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள், மதினிதான் வந்து தலைமாட்டில் உட்கார்ந்து, என்ன ஏது என்று கேட்காமல், பின்னலை அவிழ்த்து எண்ணெய் வைத்தாள். அதன் பிறகு மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டினார்கள், குரங்குகளும் பழகிக்கொண்டன. போன வாரக் காற்றில் அது அறுந்துவிட்டது, இன்னும் கட்டவில்லை. ஆகவே இன்றைக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். ஈர ரோடு, வளைவு, வண்டி. முதல் கால் வைக்கிறவர்களுக்குப் பயம், கடைசிக் கால் வைக்கிறவர்களுக்கு ஆபத்து. இதை நினைத்தபோது அவளுக்கு இலக்கியாவின் முகம்தான் வந்தது.

"என்னங்க, எவ்வளவு நேரம்? குழந்தைங்க இருக்காங்க வண்டில" என்றார் வண்டிக்காரர்.

"அங்கயும் குழந்தைங்க இருக்குங்க சார்" என்றான் அருளப்பன். "எறங்கறப்ப எறங்கும். நம்ம சொன்னா கேக்கற ஜாதியா அது?"

கேட்கிற ஜாதி எது? செண்பகம் கேட்டுப் பார்க்காமலா விட்டாள்? முதலில் இலக்கியாவிடம்தான் கேட்டாள். அங்க கன்னடத்துல பாடம் நடத்துவாங்களாம்மா என்றது அது. இங்கிலீஷ்லதான் என்றாள். என் ஃப்ரெண்ட்ஸ்லாம் இங்கதானே என்றது. அப்புறம், யோசித்து, அப்பா வந்தா வாரேன் என்றது. சரி என்று அப்பாவிடம் போனால் ஜெராக்ஸ் கடையில் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டு, பாப்பா என்ன சொல்லுதா என்றார். நீங்க வந்தா வருவாளாம். ஓகோ என்றார். சிக்கிய தாளை உருவி எடுத்தார். கசங்கிய அந்தத் தாளை நீவிக்கொண்டே, அக்கா இங்ஙன தனியா... என்று எதையோ ஆரம்பித்தார், ஒரு வாடிக்கையாளர் வந்தார், ஆதார் கார்டு, ரெண்டு பக்கமும். அது அப்படியே நின்றுவிட்டது. அதை இவளும் திரும்பக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? நினைவு அந்த இடத்துக்கு வந்து முள்ளில் மாட்டிய முந்தானை போல நின்றது. இழுத்தால் கிழியும். கேட்க அவளுக்கு இஷ்டமில்லை, அதனால்தான் கேட்கவில்லை. மதினி நல்லவள்தான், யார் இல்லை என்றது? இலக்கியா பிறந்தபோது பத்தியம் பார்க்க வந்தவள் அப்படியே தங்கிவிட்டாள், அவள் புருஷன் அவளை விட்டுவிட்டுப் போனதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை, அவள் இருந்ததால்தான் இவள் விடியும் முன்னால் காட்டுக்குப் போக முடிந்தது. ஆனால் அடுக்களை மதினியுடையது. கடுகு டப்பா எங்கே இருக்கிறது என்று இவள் தன் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சிர்சியில் ஒரு சின்ன வீடு, அதில் தன் அடுக்களை, தான் வைத்த இடத்தில் கடுகு என்று மனசின் ஓரத்தில் ஒரு ஆசை இருந்தது. மதினிக்குச் சங்கரன்கோயில் பக்கம் பெற்றோர் வீடு இருக்கிறது, பூட்டித்தான் கிடக்கிறது, அங்கே போய் இருந்துகொள்வாள் என்று யாரும் பேசாமலே எல்லாரும் பேசி முடித்த மாதிரி ஆகிவிட்டது. மதினியும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லுவாள், சூலம் பற்றி. ராகுகாலம் பற்றி. தன்னைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

முந்திரி மறுபடி கிளம்பும் என்று எதிர்பார்த்தாள். அது கிளம்பவில்லை. இறங்கி, உள்பக்கத்து மரத்துக்குத் தாவி, பெரியக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. பெரியக்கா இந்தக் கூட்டத்தில் மூத்தது, ஒரு காது பாதி கிழிந்தது, பிடரி கொட்டிப்போய் முகம் சின்னதாகிவிட்டது. எந்தப் பழத்துக்கும் அது முண்டியடித்து யாரும் பார்த்ததில்லை. தொரை வந்தால் ஒதுங்கி இடம் விடும். ஆனால் மத்தியானம் எல்லாரும் படுத்திருக்கிற நேரத்தில் பார்த்தால் அதன் மடியில் யாராவது ஒருவருடைய தலை இருக்கும், தாயோடு சண்டை போட்டுக்கொண்டு வந்த குட்டியோ, அடி வாங்கி வந்த பெண்ணோ, சில நாள் தொரையே. அதன் விரல் சும்மா இருந்து செண்பகம் கண்டதில்லை. ஆனால் யாராவது அதன் முதுகைத் தடவிவிட்டதைப் பார்த்திருக்கிறாளா? யோசித்தாள். எல்லாருக்கும் பார்க்கிறது, அதற்கு யார் பார்க்கிறார்கள்? இப்போது முந்திரி பெரியக்காவின் முதுகுப் பக்கம் நகர்ந்து, ஈர மயிரைப் பிரித்தது. உதட்டைப் படபடவென்று அடித்துக்கொண்டது. அவசரம் இல்லை. பலா இல்லை, ரோடு இல்லை, முந்திரிக்கொட்டைத்தனமே இல்லை. பெரியக்கா முதலில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, பிறகு தலையைத் தொங்கப்போட்டது, பிறகு அப்படியே கண்ணை மூடியது. செண்பகம் மடியில் இருந்த குடையை நழுவவிட்டாள், அது பாலத்துக்கு அடியில் உருண்டது, அவள் எடுக்கவில்லை. அப்பா வந்தால் இலக்கியா வருவாள். அக்கா வந்தால் அப்பா வருவார், அதைத்தானே அவர் தாளை நீவிக்கொண்டு சொல்ல வந்தார். இலக்கியாவும் அப்பா என்று சொன்னாளே தவிர, தலையை யார் மடியில் வைத்துத் தூங்குகிறாள்? எல்லாரும் எல்லாரையும் கை காட்டி, அந்தக் கை எல்லாம் கடைசியில் போய் நிற்கிற இடத்தில் ஒருத்தி கடுகு தாளித்துக்கொண்டு நிற்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை, மதினி நீங்க வாறியளா என்று ஒரே ஒரு வார்த்தை, இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. குரங்குக்கு இதைக் கண்டுபிடித்து ஊர் ஊராகப் போய்ப் பேசிவிட்டு வந்தவள் கேட்கவில்லை. அட கூறு கெட்டவளே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். அருளப்பன் திரும்பிப் பார்த்தான்.

பெரியக்கா எழுந்து உடம்பை உதறியது. அவசரப்படாமல் கிளை கிளையாக இறங்கி ரோட்டு ஓரத்துக்கு வந்தது, முந்திரி அதன் வாலுக்குப் பின்னால். அருளப்பன் கம்பைத் தூக்கினான், விசில் அடித்தான். பெரியக்கா ஈர ரோட்டில் கையை வைத்துப் பார்த்தது, சுடுகிறதா என்று பார்க்கிற மாதிரி, பிறகு நடந்தது. அது திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. காடு முழுக்கச் சலசலத்தது, குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்ட தாய்கள், குதியாளம் போடும் சிறுசுகள், இவ்வளவு நேரமும் அசையாமல் இருந்த அத்தனையும் இறங்கின. தொரை நடுவில் வந்தது, தான்தான் எல்லாவற்றையும் நடத்திக்கொண்டு போவது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. வண்டியில் இருந்த குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கத்தின. செண்பகம் கடைசிக் குட்டி வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது வந்தது, நடுரோட்டில் நின்று ஒரு காய்ந்த இலையைப் பொறுக்கியது, தாய் திரும்பி ஓடிவந்து வயிற்றோடு வாரிக்கொண்டு போயிற்று. இனி ஒன்றும் இல்லை என்று தெரிந்தபின்தான் அவளுக்குக் கண் கலங்கியது. நாளைக்கு இவர்களை யார் பார்ப்பார்கள்?

வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முதலில் ஜெபமாலை அக்கா வீட்டுக்குப் போனாள். பையில் இருந்து சேலையை எடுக்க முடியாவிட்டாலும் எட்டிப் பார்க்கவாவது போகலாமே. அலமாரிக்கு அடியில் அவள் பை இருந்தது. அதை ஒட்டி ஒரு துணி மூட்டை இருந்தது, பழைய கோடு போட்ட சேலையில் கட்டியது. அந்தச் சேலை யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

"ஒங்க மதினி வச்சிட்டுப் போனாங்க. பாவம், ஒண்ணும் சொல்லல" என்றார் ஜெபமாலை அக்கா. "என் வீட்ட நீங்க எல்லாரும் பஸ் ஸ்டாண்டாவே ஆக்கிட்டீங்க."

செண்பகத்துக்கு உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் ஓடியது. கேட்கவே வேண்டியிருக்கவில்லையே, மதினி வருகிறாள், தானாக வருகிறாள், மூட்டையைக் கொண்டுவந்து என் பைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள். பெரியக்கா இறங்கிவிட்டது. இனி எல்லாரும் இறங்குவார்கள். குனிந்து மூட்டையைத் தொட்டாள். தொட்ட கை அப்படியே நின்றது.

"அக்கா, இத எப்ப கொண்டு வந்தாவ?"

"இன்னைக்கி மத்தியானம்."

இன்றைக்கு. செவ்வாய்க்கிழமை. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். வடக்கே போகிறவள் நேற்றே இவள் பையோடு வைத்திருப்பாள். இன்றைக்கு வைக்கிற மூட்டை வடக்கே போகாது. நயினார் தப்புச் செய்வார், இலக்கியா செய்வாள், காலண்டர் அடித்தவனே செய்வான், ஆவுடையம்மாள் இதில் தப்புச் செய்ய மாட்டாள். நாளை செண்பகம் போய்விட்டால் மறுநாள் வியாழன். வியாழக்கிழமை சூலம் தெற்கே. சங்கரன்கோயில் இருப்பது தெற்கே, அதற்குத்தான் இன்றைக்கே இந்தப் பரஸ்தானம். செண்பகம் அலமாரியைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தாள். யாரையும் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல், அவள் போய்விட்டதற்கு அடுத்த நாளே கிளம்ப வேண்டும் என்று ஒருத்தி தன் மூட்டையைக் கட்டியிருக்கிறாள். தன் அடுக்களை, தன் கடுகு டப்பா என்ற அந்த ஆசை நிறைவேறப்போகிறது. அது இப்போது கசந்தது.

"என்னாச்சு செண்பகம்? முகம் ஏன் இப்பிடிப் போச்சு?"

"அக்கா, வச்ச மூட்டைய ஒரு தெசைக்கின்னு வச்சிட்டு வேற தெசைக்கி எடுக்கலாமா?"

"என்னைக் கேட்டா? மூட்டைக்கித் தெச தெரியுமா கண்ணு? எடுக்கறவங்களுக்குத்தான் தெரியும்."

வீட்டில் மதினி அடுக்களை வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நயினார் கடையிலிருந்து வந்து ஈரச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார், இலக்கியா செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். செண்பகம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துவைத்த எதுவும் நாக்குக்கு வரவில்லை. மாடத்தில் இருந்த மரச்சீப்பையும் எண்ணெய்க் குப்பியையும் எடுத்துக்கொண்டு போய் மதினிக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

"மதினி, கொண்டைய அவுத்து விடுங்க."

"என்னத்துக்குட்டி?"

"பேன் பாக்கப் போறேன்."

"எந்தலையில எங்கட்டி பேனு இருக்கு? இந்த வயசுக்கு மேல அது வந்து என்ன செய்ய?" என்றாள் மதினி. ஆனாலும் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். கொண்டையை அவிழ்த்தபோது முடி இவ்வளவு குறைவாகவும் இவ்வளவு நரைத்தும் இருக்கும் என்று செண்பகம் எதிர்பார்க்கவில்லை. இந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் அந்தத் தலையை அவள் தொட்டதே இல்லை. உச்சியில் எண்ணெய் வைத்து விரலால் வகிர்ந்தாள். மதினி முதுகை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இலக்கியா செல்போனிலிருந்து தலையைத் தூக்கினாள். நயினார் சட்டையைப் பாதியில் பிடித்தபடி நின்றார்.  குக்கர் இரண்டு தரம் கத்தியது, யாரும் எழுந்து போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மதினியின் தலை முன்னால் சாய்ந்தது.

"ஜெபமாலை அக்கா வீட்டுல மூட்டையப் பாத்தேன் மதினி."

மதினி கீழே வைத்த வெங்காயத்தை மறுபடி கையில் எடுத்தாள்.

"சங்கரன்கோயிலுக்கா?"

"பொறவு? நான் இங்ஙன இருந்து என்ன செய்ய?" மதினியின் குரல் தரையைப் பார்த்து வந்தது. "நீங்க மூணு பேரும் வடக்க போறிய. தம்பி வந்தா புள்ள வருவா, புள்ள வந்தா தம்பி வருவான்னு ஆளுக்கொண்ணு பேசுதிய. எங்கிட்ட யாரு கேட்டா? கேக்காத எடத்துல நானா எப்பிடி வாரேன்னு சொல்ல?"

"நான் இப்பக் கேக்கேன். வாங்க மதினி. நீங்க வந்தாத்தான் இவிய ரெண்டு பேரும் வருவாவ, அதுக்காவ மட்டும் கேக்கல. நீங்க இல்லாத வீட்டுல எனக்கும் இருக்கத் தெரியாது." சொல்லும்போதுதான் அது உண்மை என்று செண்பகத்துக்கே தெரிந்தது. 

இலக்கியா எழுந்து வந்து மதினியின் மடியில் தலையை வைத்துப் படுத்தாள். மதினியின் கை அது பாட்டுக்கு அவள் தலைக்குள் போனது. நயினார் தொண்டையைக் கனைத்தார். "அங்ஙனயும் ஜெராக்ஸ் கடை இருக்குமா இருக்கும்" என்றார், யாரிடமும் இல்லாமல். பாப்போம் என்று அவர் சொல்லவில்லை.

"செம்பகம்" என்றாள் மதினி.

"சொல்லுங்க."

"காலைல ஒன் பைய எடுக்கும்போது என் மூட்டையையும் சேத்துத் தூக்கிறாத. அது அங்ஙனயே இருக்கட்டும். நாளைக்கும் வடக்க சூலம்லா. நல்ல நாளாப் பாத்து இதுகளையும் கூட்டிக்கிட்டு நான் எடுத்துக்கிடுதேன்."

செண்பகம் மறுபடி சீப்பை எடுத்தாள்.